நலம்விரும்பி பேசுகிறேன்

தன் கல்யாணத்தைத் தானே கலைக்க மொட்டை போன் போட்டவள் புனே நகரத்தில் வைஷு ஒருத்தியாகத்தான் இருப்பாள். மொட்டைக் கடுதாசி நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொத்திப் பாதுகாத்து வந்த கலை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்துவிட்டால் கை அரிக்கும், இன்லண்ட் லெட்டர் வாங்க ஓடுவார்கள். இப்போது தபாலாபீஸ் வரை நடக்க யாருக்கும் பொறுமை கிடையாது. போன்தான்.

வைஷுவுக்கு அந்தப் பையன் மீது கோபம் ஒன்றும் இல்லை. அவனைப் பார்த்ததே இல்லையே. இப்போதைக்குக் கல்யாணமே வேண்டாம், அவ்வளவுதான். பெயர் ஹர்ஷா, வீடு ஔந்த், வேலை கம்ப்யூட்டர், போட்டோவில் டூத்பேஸ்ட் விளம்பரம் மாதிரி ஒரு சிரிப்பு. ஜாதகம் பொருந்திவிட்டது என்று அவள் அப்பா சேஷு துள்ளிக் குதித்தார். தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இருந்த ஒரே டிபார்ட்மெண்ட் வைஷுவின் கல்யாணம்தான். 'எனக்கு வேண்டாம்' என்றால் அப்பா ஒரு மாதம் மௌன விரதம் இருப்பார். 'வேண்டாம்' என்று அவர்களே சொல்லிவிட்டால்?

அந்த வாரம் வைஷுவுக்கு நல்ல ஜலதோஷம், தொண்டை கட்டியிருந்தது. ஹிஞ்ஜவாடியில் ஆபீசுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் 'பேட்டரி போயிடுத்து பையா' என்று போன் கடன் வாங்கினாள். வயசான குரலாக இருந்தால்தான் நம்புவார்கள். யார் குரல் என்று யோசிக்கவே இல்லை. அவளுக்குப் பேசத் தெரிந்த ஒரே வயசான குரல் ஆகுர்டியில் இருக்கும் கோதை அத்தையின் குரல். மூக்கால் பாதி, அதிகாரத்தால் மீதி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி கத்திப் பழகிய குரல். அதைப் பேசிக் காட்டித்தான் வைஷு சித்தி பெரியப்பா பிள்ளைகளைச் சின்ன வயசிலிருந்து உருண்டு புரண்டு சிரிக்க வைத்திருக்கிறாள்.

பையனின் அம்மா விசாலம்தான் எடுத்தாள்.

"நமஸ்காரம் மாமி, சாப்டாச்சா? நான் உங்க நலம்விரும்பி பேசறேன்."

அவதூறு சொல்ல வந்தவள் சாப்பாட்டை விசாரித்தால் அவதூறு உருப்படுமா? வளர்ப்பு அப்படி. அப்புறமும் பாருங்கள், 'வேற ஒருத்தனோட சுத்தறா' என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். தன்னைப் பற்றியே அப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை. அதனால் உண்மையையே சொல்லிவிட்டாள்.

"பொண்ணு பத்து மணிக்கு முன்னாடி எழுந்துக்க மாட்டா மாமி. ரசம் எது சாம்பார் எதுன்னு தெரியாது. ராத்திரி பூரா கொலைப் படம் பார்ப்பா. பார்த்துட்டு அழறாளோன்னா இல்லை, சிரிக்கறா. பொணம் விழற இடத்துல கைதட்டிச் சிரிக்கறா. யோசிச்சுக்கோங்கோ. வெச்சுடட்டுமா? உடம்பைப் பாத்துக்கோங்கோ."

காரியம் முடிந்தது என்று நிம்மதியாகப் போய் இஞ்சி டீ குடித்தாள்.

சனிக்கிழமை சாயந்திரம் அவர்கள் வந்து நின்றார்கள். பஜ்ஜி, கேசரி, ஜாதி, வேலை, தண்ணீர்க் கஷ்டம் எல்லாம் முறைப்படி நடந்தன. 'தனியா ரெண்டு வார்த்தை பேசட்டுமே' என்று விசாலம் பெரிய மனசு பண்ணினாள். பால்கனியில் வாஷிங் மிஷினுக்கும் துளசித் தொட்டிக்கும் நடுவில் இருவரும் நின்றார்கள். நேரில் அவனுக்கு டூத்பேஸ்ட் சிரிப்பு கிடையாது. உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, திருட்டுத்தனமாகச் சிரித்தான். அதுவே அவளுக்குப் பிடித்தது.

"ஒண்ணு கேக்கணும். பொணம் விழறப்போ கைதட்டிச் சிரிப்பேளாமே. நெஜமாவா?"

வைஷு பால்கனிக் கதவை எட்டிப் பார்த்தாள். "யார் சொன்னா?"

"உங்களைப் பத்தி ஒரு மொட்டை போன் வந்தது. அம்மா ஸ்பீக்கர்ல போட்டா. சாப்ட்டுண்டிருந்தவன் எழுந்துட்டேன். அம்மா இந்த இடமே வேண்டாம்னுட்டா. நான்தான் அடம் பிடிச்சு இழுத்துண்டு வந்தேன். எனக்கும் அந்த மாதிரிப் படம்னா பைத்தியம். சீரியஸா கொலை பண்ற படம் இல்லை. தன்னைப் பார்த்துத் தானே கண்ணடிக்கற படம்."

இவ்வளவு நாளும் வைஷு அந்தப் படங்களைத் தனியாகத்தான் பார்த்து வந்தாள். அம்மா பட்டு நடுவில் வந்து, "யாரு செத்துப் போனா? ஏன் எல்லாரும் கேக் சாப்பிடறா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

"அதுதான் எனக்குப் பிடிக்கும்," என்றாள் வைஷு. ஜலதோஷம், பயம் எல்லாம் மறந்து போயின. "பொணம் சோபால கெடக்கும். இவா சொத்து யாருக்கு, கேக்குல கடைசித் துண்டு யாருக்குன்னு அடிச்சுப்பா. பெரிய மனுஷா அத்தனை பேர் மானமும் கப்பலேறும். அப்புறம் படம் நம்மளை முட்டாளா நெனைக்காது. 'நான் கதை விடறேன், உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வா வெளையாடலாம்'னு கூப்பிடும். வேற யாரு நம்மளை அப்படிக் கூப்பிடறா?"

ஹர்ஷா அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "கடைசியில எல்லாரையும் ஒரு ஹால்ல உக்கார வெப்பா பாருங்கோ..."

"'உங்களில் ஒருவர்தான் கொலையாளி!'"

இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். அந்த நிமிஷம் வைஷுவுக்குத் தெரிந்துவிட்டது. இவன் வேண்டும். இவனை விட்டால் சனிக்கிழமை ராத்திரிகளில் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க இன்னொருத்தன் கிடைக்கப்போவதில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்தப் போன் பண்ணினது யாருன்னு தெரியாம நான் இன்னிக்குக் காபி குடிக்கறதா இல்லை," என்றான் ஹர்ஷா உற்சாகமாக.

"விடுங்களேன். பாவம், யாரோ."

"எப்படி விடறது? எல்லாரும் ஹால்லதானே இருக்கா. குற்றவாளி ஹாலுக்குள்ளதான் இருக்கணும். அதுதானே ரூல்?"

போய்விட்டான். வைஷு துளசியைக் கும்பிட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள்.

ஹாலின் நடுவில் நின்று அவன் விஷயத்தைப் போட்டு உடைத்ததும் சேஷுவுக்கு முகம் சிவந்தது. "என் பொண்ணைப் பத்தியா? எங்க வீட்ல ஒளிவு மறைவே கெடையாது சார்!"

ஒளிவு மறைவே இல்லை என்று ஒருவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒளித்து வைத்ததெல்லாம் நினைவு வரும். பட்டுவுக்கு வந்துவிட்டது. "கேசரி வைஷு பண்ணினான்னு சொன்னேனே, அது நான் பண்ணினது மாமி," என்றாள் பலவீனமான குரலில். சேஷு மனைவியை முறைத்தார். முறைத்த வேகத்தில் தன் பங்குக்கும் ஒன்று நினைவு வந்துவிட்டது போல. "நான் ஆபீசர்னு சொன்னது... ரிடையர் ஆறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஆனேன். பொய்யின்னு சொல்ல முடியாது."

ஹர்ஷாவுக்கு ஒரே கொண்டாட்டம். வைஷுவைப் பார்த்துக் கண்ணடித்தான். படம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வைஷுவுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கொலையாளி அவள் என்பதைத் தவிர வேறு குறை ஒன்றுமில்லை.

அப்போதுதான் வாசல் கதவு திறந்தது. பெண் பார்க்கும் சமாசாரம் கோதை அத்தைக்குச் சொல்லக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். முன்பு வந்த ஒரு வரனிடம், "இந்த வயசுலயே வழுக்கை விழறதே, டாக்டரைப் பார்த்தியோ?" என்று அக்கறையாக விசாரித்தவள் அத்தை. இன்னொரு வரனின் அம்மாவிடம், பல் சொந்தமா கட்டினதா என்று கேட்டாள். இரண்டு இடமும் போன இடம் தெரியவில்லை. இன்று யார் மூலமோ மோப்பம் பிடித்து ஆகுர்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திருந்தாள்.

"ஏண்டா சேஷு, எனக்குச் சொல்லாம பஜ்ஜியா?" என்று செருப்பைக் கழற்றினாள். விசாலத்தைப் பார்த்ததும் கை கூப்பினாள். "நமஸ்காரம் மாமி, சாப்டாச்சா?"

விசாலத்தின் கையிலிருந்த ஸ்பூன் தட்டில் விழுந்தது. "இவாதான்! இதே குரல்! இதே வார்த்தை!"

சேஷு எழுந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடத் திருப்திதான் அதிகம். "நெனைச்சேன். வேற யாரு பண்ணுவா?"

"என்னடா பண்ணினேன்?"

சொன்னார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பட்டுகூடப் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை அன்று அவிழ்த்துவிட்டாள். ஹர்ஷா மட்டும் தலையை ஆட்டினான். "இருங்கோ மாமா, ரொம்ப ஈசியா இருக்கு. முதல்ல மாட்டறவா பண்ணியிருக்கவே மாட்டா. எந்தப் படத்துலயும்..."

"இது படம் இல்லைடா, வாயை மூடு," என்றாள் அவன் அம்மா.

வைஷு சுவரோரம் நின்றாள். அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பையன் கிடைப்பான். அத்தை எப்படியும் கத்துவாள், சண்டை போடுவாள், நாலு பேரை அழவைத்துவிட்டுக் கிளம்பிப் போவாள், தீபாவளிக்குள் எல்லாம் சரியாகிவிடும். அத்தைக்குத் திட்டு வாங்குவது புதிதா என்ன?

"இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே," என்றார் சேஷு.

வைஷு அத்தை கத்துவதற்காகக் காத்திருந்தாள். அத்தை கத்தவில்லை. தம்பி முகத்தை, தம்பி பெண்டாட்டி முகத்தை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "'கோதை பண்ணியிருக்க மாட்டா'ன்னு ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொள்ளக் குனிந்தாள். பிடிப்புக்குச் சுவரைத் தேடி அவள் கை தடவியது.

வைஷுவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அத்தை இல்லை. நான்தான் பண்ணினேன்."

ஒருவரும் நம்பவில்லை. இதுதான் கொடுமை. "கொழந்தைக்கு எளகின மனசு மாமி, அத்தைக்காகப் பழி ஏத்துக்கறா," என்று பட்டு விசாலத்திடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். விசாலத்துக்கு வைஷு மேல் திடீரென்று மதிப்பு வேறு வந்துவிட்டது. "நல்ல பொண்ணு," என்றாள். வைஷு சத்தியம் பண்ணினாள். ஜெராக்ஸ் கடையைச் சொன்னாள். நல்ல பெண் என்ற பெயர் இன்னும் கெட்டிப்பட்டது.

நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. அதை அத்தைக்கு எதிரில் அவள் செய்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் ஆரம்பித்தாள்.

"நமஸ்காரம் மாமி, சாப்டாச்சா? நான் உங்க நலம்விரும்பி பேசறேன். பொண்ணு பத்து மணிக்கு முன்னாடி எழுந்துக்க மாட்டா மாமி..."

அச்சு அசல். தாடையைத் தூக்குவது, 'மாமி'யில் ஒரு வெட்டு வெட்டுவது, எல்லாம் இருந்தது. ஹர்ஷா அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தான். கைகூடத் தட்டினான். அப்புறம் அத்தையின் முகத்தைப் பார்த்தான், கை அப்படியே நின்றுவிட்டது. "சாரி அத்தை," என்றான். "படத்துல தப்பா மாட்டினவா அடுத்த சீன்ல காபி குடிச்சிண்டிருப்பா. அவா எப்படி வீட்டுக்குப் போவான்னு நான் யோசிச்சதே இல்லை."

அத்தை மாடிப்படி இறங்கிப் போனாள்.

விசாலம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "நாங்க போய் போன் பண்றோம்." அதற்கு என்ன அர்த்தம் என்று பெண் வைத்திருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும். ஹர்ஷா எழுந்திருக்கவில்லை. வைஷுவைப் பார்த்து, "வைஷு, நான் வந்து..." என்று எதையோ ஆரம்பித்தான். அதைக் கேட்கத்தான் அவளுக்கு ஆசை, உயிரே போகிற ஆசை. ஆனால் மாடிப்படியில் அத்தையின் செருப்புச் சத்தம் கீழே போய்க்கொண்டிருந்தது. வைஷு வெறுங்காலோடு அதன் பின்னால் ஓடினாள்.

ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பாமல் ஸ்டாண்டில் நின்றது. அத்தை உள்ளே ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வைஷு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிரைவர் வெளியே நின்று 'ஆகுர்டி, ஆகுர்டி' என்று கூவிக்கொண்டிருந்தான்.

"நான் அப்படியாடி பேசறேன்?"

"ஆமாம் அத்தை."

"எத்தனை நாளா பண்றே?"

"ஸ்கூல் படிக்கறச்சேலேர்ந்து."

"எல்லாரும் சிரிப்பாளோ?"

பொய் சொல்லலாம். இன்றைக்கு அதற்கும் தெம்பு இல்லை. "ரொம்பச் சிரிப்பா."

அத்தை ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாடையைத் தூக்கினாள்.

"எங்கே, என்கிட்ட பேசிக் காட்டு. நானும் சிரிக்கறேன்."

வைஷு வாயைத் திறந்தாள். எவ்வளவு முயன்றும் அவளுக்கு அந்தக் குரல் வரவில்லை.