சுபம் போட்ட பிறகு

எங்கள் கரைக்காரர் எவரும் ஒரு படத்தையும் முடியும்வரை பார்த்ததில்லை. கேட்டால் சிரிப்பீர்கள். வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கிற எங்களுக்குப் பட்டினத்துத் தியேட்டரில் பகல் காட்சி ஒன்றுதான் வாய்க்கும். காலையில் துறையில் வரிசையாக நின்று, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி, அக்கரையில் ஆமிக்காரருக்குப் பையைக் கொட்டிக் காட்டி, கொப்பியில் பெயர் பதிந்து, பஸ் பிடித்துப் போய்ச் சேர, காலைக் காட்சி பாதி ஓடியிருக்கும். பின்னேரம் ஐந்து மணிக்குக் கடைசிப் பாதை. அதனால் நாலு மணியானதும், திரையில் யார் செத்தாலும் யாருக்குத் தாலி ஏறினாலும், எங்கள் சனம் எழும்பிவிடும். டிக்கெற் கிழிக்கிறவர் பக்கக் கதவைத் திறந்துவைத்து, "துறைக்காரர் எல்லாரும் வாங்க" என்று கூப்பிடுவார். முடிவைப் பாதையில் வரும்போது நாங்களே கட்டிக்கொள்வோம். ஒரே படத்துக்கு எங்கள் ஊரில் நாலைந்து முடிவு இருக்கும்.

அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் மட்டும் ஒரு படத்தைக் கடைசிவரை பார்த்ததாகச் சொன்னார். அவர் என் அண்ணன் அழகரத்தினம். அதுதான் வினையாகப் போனது.

படத்தின் பெயர் 'மூன்று மருமகனும் ஒரு மோட்டாரும்'. கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மாமனார், விருந்துக்கு வந்து திரும்பிப் போகாத மூன்று மருமகன்கள், என்ன செய்தாலும் ஸ்டார்ட் ஆகாத ஒரு கார். அந்தக் காரை வாங்கிய கோபத்தில் மாமியார் படம் முழுக்கப் புருசனோடு ஒரு வார்த்தை பேசமாட்டாள். எண்பத்தொன்பதாம் ஆண்டு சித்திரையில் பழைய பிரதி ஒன்று பட்டினத்தில் ஒரு கிழமை ஓடியது. அண்ணன் தனியாகப் போனார். அன்றைக்கு வீடு திரும்பவில்லை. மறுநாள் மத்தியானம் வந்து, "கடைசி மட்டும் இருந்து பாத்துட்டன், பாதை போயிற்று, அமிர்தகழிக் கோயில் மடத்தில படுத்தன்" என்றார்.

அண்ணி கண்ணகை, நான் மச்சாள் என்று கூப்பிடுவேன், முதலில் சிரித்துவிட்டுச் சோறு போட்டாள். ஆனால் மூன்றாம் நாள் பக்கத்து வளவுச் சின்னத்தங்கம் வந்து, அமிர்தகழியில் ஒரு வீட்டு வாசலில் நின்று விடியற்காலை அண்ணன் தேத்தண்ணீர் குடித்ததைத் தன் தங்கச்சி கண்டாளாம் என்று ஊதிவிட்டுப் போனாள். அங்கே அவருக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று ஊர் பேசத் தொடங்கியது. மச்சாள் அண்ணனை முற்றத்தில் நிறுத்தி, "கடைசி மட்டும் பாத்த எண்டா, முடிவு என்னெண்டு சொல்லுங்க பாப்பம்" என்று கேட்டாள்.

நானும் அங்கே நின்றேன். அண்ணன் சொன்னது இதுதான். கலியாணம் முடிந்து குடும்பம் எல்லாம் நின்று போட்டோ எடுக்கும். சுபம் என்று எழுத்து விழும். சனம் எழும்பும். அதற்குப் பிறகு இன்னொரு சின்னக் காட்சி வரும். ஆளில்லாத முற்றத்தில் மாமனார் தனியாக வந்து காரில் ஏறி இருப்பார். மாமியார் வந்து, முன்னால் ஏறாமல், பின் சீற்றில் போய் இருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் இறங்கிப் பின்னால் போய் அவளோடு இருப்பார். ஓட்ட ஆளில்லாத காரில் இரண்டு பேரும் இருக்க, அவள் முதல்முதலாக வாய் திறந்து, "எங்கே போகிறோம்?" என்று கேட்பாள். அவர், "எங்கேயும் இல்லை, சும்மா இரு" என்பார்.

மச்சாள் முகம் சிவந்துவிட்டது. "சுபம் போட்ட பிறகு எவனாவது படம் காட்டுவானா? ஒழுங்காப் புளுகவும் தெரியல்ல" என்றாள். அதோடு வாயை மூடினாள். இருபத்தொரு நாள் அவரோடு கதைக்கவில்லை. இருபத்திரண்டாம் நாள் யூரியா வாங்கப் பட்டினம் போனவர் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பில் அகப்பட்டார். போனவர் போனவர்தான்.

உண்மையைச் சொல்கிறேன், நானும் அண்ணனை நம்பவில்லை. கூடப் பிறந்த நான் ஒரு வார்த்தை அவருக்காகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. யாரிடமாவது அந்த முடிவைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால், கண்ணகைக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை என்று ஊர் சிரிக்கும். மச்சாள் கேட்கமாட்டாள், என்னையும் கேட்க விடமாட்டாள். ஒன்பது வருடம் அண்ணனின் பெயரையே அவள் எடுக்கவில்லை.

பிறகு அதே படத்தை, அதே பெயரில், கலரில் புதிதாக எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பட்டினத்தில் ஓடத் தொடங்கி மூன்றாம் நாள், சினிமாப் பக்கமே தலை வைத்துப் படுக்காத மச்சாள் என் வாசலில் வந்து நின்றாள்.

"இராசாத்தி, நாளைக்குப் படம் பாக்கப் போவம். கடைசி மட்டும் இரிக்கணும்."

"பாதையை விட்டுட்டா? காலையில பதிஞ்ச பேர் பின்னேரம் வெட்டுப்படாட்டி ஆமிக்காரன் தேடுவான். இஞ்சால வந்தா இயக்கக்காரர் கேப்பாங்க, ஏன் அங்க தங்கின எண்டு."

"தெரியும். நீ வராட்டி நான் தனியப் போவன்."

போனோம். சின்னத்தங்கமும் ஊர்ச் சனம் பத்துப் பேரும் கூட வந்தார்கள்.

படம் எப்படி என்று கேட்காதீர்கள், என் கண் பாதி நேரம் மணிக்கூட்டில்தான் இருந்தது. மருமகன்கள் சேலை கட்டி ஆடினார்கள், சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மச்சாள் சிரிக்கவில்லை. மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். என் கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. முன்சீற்றுக்காரன் இரண்டுதரம் திரும்பி முறைத்தான். நாலு மணிக்குப் பக்கக் கதவு திறந்தது. துறைக்காரர் எழும்பினார்கள். நானும் பாதி எழும்பிவிட்டேன். மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்து இருத்தினாள்.

"எல்லாரும் போறாங்க மச்சாள்."

"போகட்டும்."

நாலேகாலுக்குக் கலியாணம் முடிந்தது. ஏதோ வெளிநாட்டில் பனிக்குள் அந்தக் கார் பறந்தது. எல்லாரும் ஆடினார்கள். பிறகு பெயர்கள் கீழிருந்து மேலே ஓடின. லைற் போட்டுவிட்டார்கள். சனம் எழும்பிப் போனது. மச்சாள் வெறும் திரையைப் பார்த்தபடி இருந்தாள். விளக்குமாற்றோடு ஒருவர் வந்து வரிசை வரிசையாகக் கூட்டி, எங்கள் காலடிக்கு வந்து நின்றார்.

"முடிஞ்சுதா ஐயா? இனி ஒண்டும் வராதா?" என்று கேட்டாள்.

"இனி நாளைக்குத்தான் அம்மா."

அவள் எழும்பினாள். "பொய்தான்" என்றாள். அந்த ஒரு சொல்தான். எனக்கு அண்ணன் மேல் வந்த கோபத்தில் கண் இருண்டது. செத்தாரோ இருக்கிறாரோ தெரியாத மனிதன் மேல் கோபப்படுவது எவ்வளவு கேடுகெட்ட வேலை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வந்தது.

வெளியே வாசல் நிறையச் சனம், கலையாமல் நின்று நியாயம் பிளந்துகொண்டிருந்தது. "பழைய மாமனார் சும்மா நிண்டாலே சிரிப்பு வரும், இந்தாள் ஆடியும் வரல்ல" என்றார் ஒரு வழுக்கைத் தலையர். "கறுப்பு வெள்ளைய ஆர் பாக்கிற, இதில பாட்டெல்லாம் என்ன வடிவு" என்றாள் ஒரு பள்ளிக்கூடப் பெட்டை. "மாமியாரக் கெடுத்துட்டாங்க. அந்த மனிசி கதைக்காம இருக்கிறதுதான் படமே. இதில ஓயாமக் கதைக்கிறா" என்றார் இன்னொருவர். நான் அவர்களை முழங்கையால் விலத்தி மச்சாளை இழுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் போய்விட்டது. நாலு முப்பது.

மதிலோரம் ஒரு ஓட்டோ நின்றது. காத்தான்குடிப் பெடியன், முப்பது வயதிருக்கும், பெயர் றவூப் என்று முன்கண்ணாடியில் எழுதியிருந்தது. அவனும் படம் பார்த்துவிட்டுத்தான் வந்து ஏறினான்.

"மண்முனைத்துறை. கடைசிப் பாதை. பிடிச்சுத் தருவீங்களா தம்பி?"

"ஏறுங்கக்கா."

ஓடத் தொடங்கியதிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. "என்ன படம் எடுத்திருக்கானுகள்? காச்சட்டையும் கண்ணாடியும் போட்டா மாமனாரா?" கல்லடிப் பாலத்துச் சோதனையில் இறக்கினார்கள், அடையாள அட்டை பார்த்தார்கள், ஏற்றினார்கள். ஏழு நிமிடம் அங்கே போனது. அவன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். "எல்லாத்தையும் காட்டினானுகள், முக்கியமானத வெட்டிட்டானுகள்."

"தம்பி, கதைய விட்டுட்டு றோட்டப் பாருங்க" என்றேன்.

"பாக்கன் அக்கா. ஆனா சொல்லாம இரிக்க ஏலா. நான் பழைய படத்த வாப்பாவோட பாத்த. எம்பத்தொம்பதில, ஒரு கிழமதான் ஓடின. அதுட முடிவு இரிக்கே..."

"ஐயோ, எங்களுக்குப் பாதை போகுது. உங்கட முடிவு ஆருக்கு வேணும்?"

இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. அவன் வேகத்தைக் கூட்டினான். காத்தான்குடிக் கடைத்தெரு கடந்தது, ஆரையம்பதி வந்தது, துறைக்குத் திரும்பும் வழியும் வந்தது. பிறகு தாங்கமாட்டாமல் திரும்பவும் தொடங்கினான். "சுபம் போட்டு எல்லாரும் எழும்பிற்றாங்க. நானும் எழும்பின. வாப்பாதான் புடிச்சு இருத்தின. இன்னும் கிடக்கு, இரு எண்டாரு."

மச்சாள் கையை நீட்டி அவன் தோளைத் தொட்டாள். "நிப்பாட்டுங்க."

அவன் பயந்துபோய் ஓட்டோவை ஓரம்கட்டினான். ஐந்து மணிக்கு எட்டு நிமிடம்தான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மறுகாச் சொல்லுங்க. சுபம் போட்ட பிறகு?"

"முத்தத்தில ஒருத்தரும் இல்லக்கா. மாமனார் மட்டும் வந்து கார்ல ஏறுவாரு. மனிசி வந்து பின்னுக்கு இரிக்கும். அவரு இறங்கி..."

"பின்னுக்குப் போய்ப் பக்கத்தில இருப்பார்" என்றாள் மச்சாள்.

"ஓம். ஓட்ட ஆளில்ல. மனிசி அப்பதான் வாய் துறக்கும்."

"எங்க போறம் எண்டு கேக்கும்."

"ஓமக்கா. அவரு சொல்லுவாரு..."

"எங்கயும் இல்ல, சும்மா இரு."

றவூப் திரும்பிப் பார்த்தான். "நீங்களும் பாத்தயா?"

"இல்ல தம்பி. அவர் எனக்குச் சொன்னவர்."

அவன் என்னைப் பார்த்தான், மச்சாளைப் பார்த்தான், ஓட்டோவை எடுத்தான். பள்ளம் திட்டி ஒன்றும் பார்க்காமல் துறைவரை விட்டான். கொப்பியில் எங்கள் பெயர்களை வெட்டிக்கொண்டு நாங்கள் ஓட, பாதைக்காரர் கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்தபடி திட்டிக்கொண்டு நின்றார். ஏறினோம்.

சைக்கிள்களுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் மச்சாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இருபத்தொரு நாள், புள்ள" என்றாள். "சோத்தப் போட்டுட்டு முகத்தத் திருப்பிக்கொண்டு போவன். அந்த மனிசன் என்னக் கதைக்க வைக்கத்தான் அந்தக் காட்சியத் திரும்பத் திரும்பச் சொன்னது. நான் ஒரு வார்த்தை சொல்லல்ல." அவள் அழுதாள். நானும் அழுதேன். "நானும்தான் மச்சாள் நம்பல்ல" என்றேன். அவள் என் கையைப் பிடித்தாளே தவிர, பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததும் சரிதான்.

பாதை நடு வாவிக்கு வந்தது. வழக்கம்போல எங்கள் சனம் முடிவு கட்டத் தொடங்கியிருந்தது. கார் கடைசியில் வெடிக்கும் என்றார் ஒருவர், மூன்றாவது மருமகன்தான் அதை விற்பான் என்றார் மற்றவர். சின்னத்தங்கம் எங்களைக் கண்டுவிட்டு, ஆட்களை விலத்திக்கொண்டு வந்தாள். பத்துப் பேரும் அவள் பின்னால் திரும்பினார்கள்.

"கண்ணகை, நீங்க ரெண்டு பேரும் கடைசி மட்டும் இருந்தயாம். சொல்லுகா, படம் எப்பிடி?"

மச்சாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"புதுசு சரியில்ல. பழசுதான் நல்லம். எங்கட வீட்டுக்காரர் அதக் கடைசி மட்டும் பாத்தவர்."