அச்சங்குளத்துக் கட்டு

ஆவணப் பராமரிப்புப் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தபோது செல்வலட்சுமிக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிவகாசிப் பக்கத்துத் தாலுகா ஆபீஸ் ஒன்றில் அவள் பதிவறை எழுத்தர். மேலே ஒட்டடை, கீழே கரையான், நடுவில் அவள். அந்த அறைக்குப் பயிற்சி எதற்கு, ஒரு நல்ல துடைப்பமும் எரிகிற டியூப்லைட்டும் கொடுத்தால் போதாதா என்று பக்கத்து சீட் மணிகண்டராஜிடம் கேட்டாள். அதுவும் ஆயுத பூஜை வாரத்தில் விருதுநகருக்கு மூன்று நாள் அலைய வேண்டும்.

"போயிட்டு வாங்கக்கா. ஏசி ஹால், மத்தியானம் பிரியாணி. இங்கன உள்ளத நான் பாத்துக்கிறேன்" என்றான் மணிகண்டராஜ்.

அவன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னது பூஜைக்கான சுத்தம் செய்யும் வேலையை. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்த கோப்புகளைச் சுக்குநூறாகக் கிழித்து அழிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் இந்தப் பக்கத்தில் காகிதத்தைச் சும்மா கிழித்துப் போட யாருக்கு மனசு வரும்? திருத்தங்கல் பழைய பேப்பர் கடையிலிருந்து குட்டியானை வண்டி வரும், அள்ளிக்கொண்டு போகும். அங்கிருந்து எம். புதுப்பட்டிப் பக்கம் வெடிக்குக் குழாய் உருட்டப் போய்விடும். தாசில்தார் கையெழுத்துப் போட்ட கடிதம் தீபாவளியன்று யார் வீட்டு வாசலிலோ வெடித்துச் சிதறும். வழக்கமாகக் கீழ்த்தட்டுக் கட்டுகள் மட்டும் போகும். இந்த வருஷம் பயிற்சிக்கு முன்னால் பதிவறை முழுவதையும் ஒழுங்கு செய்யச் சொல்லிச் சுற்றறிக்கையிலேயே இருந்ததால், பரண் மேல் தூங்கிய பழங்கட்டுகளையும் இறக்கி வராந்தாவில் குவித்திருந்தார்கள்.

பயிற்சி கொடுக்க வந்தவர் சாலமன்ராஜ். செல்வலட்சுமி வயதுதான் இருக்கும். அந்த ஏசியிலும் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முதல் நாள் முழுக்க எது ஓராண்டு, எது மூன்றாண்டு, எது நிரந்தரம் என்று அவர் விளக்க, மாவட்டம் முழுவதிலிருந்தும் எழுத்தர்கள் வந்து உட்கார்ந்திருந்த ஹால் முழுக்கக் கொட்டாவி. சாயங்காலம் கிளம்பும்போது ஒன்று சொன்னார்.

"நாளைக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பைல் கொண்டாங்க. அழிக்கணும்னு ஒதுக்கி வச்சிருக்கதுல இருந்து. பாத்துப் பொறுக்காதீக, கைக்கு வந்தது போதும்."

மறுநாள் காலை செல்வலட்சுமி ஆபீசுக்குப் போய், குவியலில் கைக்கு வந்த ஒன்றை உருவிக்கொண்டு பஸ் பிடித்தாள்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் அவள் முறை வந்தது. கோப்பின் மேல் தாளில் 'பட்டாசு ஆலை விபத்து, நிவாரணம் கோரும் மனு' என்று இருந்தது. குறுக்கே சிவப்புப் பென்சிலில் 'மூன்றாண்டு'.

"இத முடிவு பண்ணது யாரு மேடம்?"

"எனக்கு முன்னால இருந்தவுக சார். நானா இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். விபத்து மனுன்னா மூணு வருஷம். எங்க பக்கம் அதான் வழக்கம்."

சாத்தூர்க்காரர்களும் சிவகாசிக்காரர்களும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். வேறு மாவட்டமாக இருந்தால், என்றைக்கோ ஒருநாள் வருகிற விபத்துக் கோப்பை ஒரு எழுத்தர் உட்கார்ந்து முழுதாக வாசித்திருப்பார். இங்கே வந்து வந்து கைக்குப் பழகிவிட்டது. 'விபத்து' என்ற சொல்லைக் கண்டதும் பென்சில் தானாக எழுதிவிடுகிறது. நினைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிற பழக்கம்தான், ஆனால் அதுவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"கடைசித் தாள வாசிங்க" என்றார் சாலமன்ராஜ்.

செல்வலட்சுமி புரட்டி வாசித்தாள். அச்சங்குளம் விபத்தில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு வீட்டுமனை ஒப்படைக்கும் ஆணை அது. சர்வே எண், நான்கு எல்லை, முத்திரை எல்லாம் இருந்தன.

"நிவாரணம் கேட்டு ஆரம்பிச்ச மனு, மனை குடுத்து முடிஞ்சிருக்கு. அந்த மனை இருக்கற மட்டும் இந்த பைலும் இருக்கணும். மேல் தாளப் பாத்து ஆயுசு எழுதிரக் கூடாது மேடம்."

செல்வலட்சுமி அந்த ஊர்ப் பெயரை இன்னொரு முறை வாசித்தாள். அச்சங்குளம் என்றதும் ஆவுடைத்தாய் முகம் வந்து நின்றது.

கையில் இருந்த கோப்பு வேறொரு குடும்பத்துடையது, ஆனால் ஆவுடைத்தாயின் புருஷன் தங்கச்சாமியும் அதே விபத்தில் போனவர். அரசு கொடுத்த மனையில் அவள் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்று ஆலை ஆலையாகப் போய் உழைத்து ஒரு வீடு கட்டியிருந்தாள். ஒரு மழைக்காலத்தில் ஒழுகிய ஓட்டுக்குக் கீழே பட்டாத் தாள் கூழாகிவிட்டது. கம்ப்யூட்டரில் பார்த்தால் அந்த இடம் புறம்போக்கு என்று வருகிறது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பூஜை முடிந்ததும் விசாரணை. அதற்குள் பழைய ஆணையின் நகல் கிடைக்காவிட்டால் வீடு போய்விடும். திங்கள்தோறும் அவள் பதிவறை வாசலில் வந்து நிற்பாள். செல்வலட்சுமியும் நிரந்தரக் கோப்பு ரேக்கை மனசாரத் துழாவியிருந்தாள். மூன்றாண்டுக் கட்டில் தேட அவளுக்குத் தோன்றவே இல்லை.

அங்கேயே எழுந்து மணிகண்டராஜுக்குப் போன் போட்டாள்.

"இப்பத்தான்க்கா லோடு ஏத்தி அனுப்புனேன். வராந்தா பளிச்சுன்னு இருக்கு, வந்து பாருங்க!"

செல்வலட்சுமி போனை வைத்துவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஹாலைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. சாலமன்ராஜ் கழுத்தைத் துடைத்தார்.

"செய்முறை வகுப்பு நாளைக்குன்னு போட்டிருக்கு. இன்னைக்கே வச்சுக்குவோமா? திருத்தங்கல்ல?"

பயிற்சிக்கு என்று விட்டிருந்த வேன் வெளியே நின்றது. பிரியாணிப் பொட்டலம் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. அதையும் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அருப்புக்கோட்டைக்காரர் ஒருவர் மட்டும், "எந்த ஆபீஸ் தப்புக்கோ நாம போயி குப்பையக் கிளறணுமாக்கும்" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார்.

தீபாவளி சீசன் நேரத்தில் அடையாள அட்டை மாட்டிய அரசு ஊழியர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினால் திருத்தங்கலில் என்ன நடக்கும்? எதிரே இருந்த அச்சாபீஸ் ஷட்டரை இறக்கியது. அதைப் பார்த்து அடுத்த கடையும் இறக்கியது. பழைய பேப்பர் கடைக்காரர் சண்முகவேல் ஷெட் வாசலில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார்.

"அண்ணாச்சி, ரெய்டு இல்ல. எங்க பேப்பரத் தேடி வந்திருக்கோம்" என்றாள் செல்வலட்சுமி.

"குடுத்த பேப்பர்தான தாயி?"

"குடுக்கக் கூடாத பேப்பரு அண்ணாச்சி. ஒரு பொம்பளையோட வீடு அதுக்குள்ள இருக்கு."

சண்முகவேல் ஷெட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். பாதி லோடு அப்படியே டெம்போவில் மாறி எம். புதுப்பட்டிக்குக் கிளம்பியிருந்தது. உடனே போனை எடுத்தார்.

"ஏலே, எங்கன நிக்கே? டீக்கடையிலயா? குடிச்சது போதும்லே, வண்டியத் திருப்பு!"

பயிற்சிக்கு வந்தவர்கள் ஷெட்டின் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு கோப்பையும் பிரித்துக் கடைசித் தாள்வரை பார்க்க வேண்டும் என்று சாலமன்ராஜ் ஒருமுறைதான் சொன்னார். பேன்ட்டும் பட்டுச்சேலையும் புழுதியானதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. திரும்பி வந்த டெம்போவின் கட்டுகளையும் இறக்கினார்கள். பிரியாணி ஆறிப்போனது. முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணுக்காக இத்தனை பேர் குனிந்து தேடுவதைப் பார்த்துக்கொண்டே செல்வலட்சுமி அடுத்த கட்டைப் பிரித்தாள். இருபது வருஷ உத்தியோகத்தில் இந்த வேலையைப் பெருமையாக நினைத்தது அன்றைக்குத்தான்.

வெளிச்சம் இறங்குகிற நேரத்தில் அருப்புக்கோட்டைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு தாளை வாசித்தார். "ஆவுடைத்தாய், கணவர் பெயர் தங்கச்சாமி, அச்சங்குளம். இதுவா பாருங்க மேடம்."

செல்வலட்சுமி வாங்கிப் பார்த்தாள். எழுத்து மங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்த பிறகுதான் மை மங்கவில்லை என்று புரிந்தது. அருப்புக்கோட்டைக்காரரின் புழுதிக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "சரி விடுங்கம்மா, மிச்சக் கட்டையும் பாப்போம்" என்று குனிந்துகொண்டார். அந்த விபத்தில் போன மற்றவர்களின் கோப்புகளும் அதே கட்டில் இருந்தன. சண்முகவேல் தன் கடைக் கயிற்றாலேயே அதை இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

விசாரணையில் நகலைப் பார்த்த அதிகாரி நோட்டீசை ரத்து செய்தார். அடுத்த திங்கள் ஆவுடைத்தாய் பதிவறை வாசலுக்கு வந்தாள். கையில் சாத்தூர்ச் சேவு.

"உள்ள வாங்கக்கா" என்றாள் செல்வலட்சுமி. அவளை உள்ளே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எம்புட்டுப் பேரு தேடுனாகன்னு மணிகண்டராஜ் தம்பி சொல்லிச்சு. எல்லாருக்கும் இருக்கன்குடி ஆத்தாளுக்கு அர்ச்சனை நேந்திருக்கேன். பேரும் நட்சத்திரமும் எழுதிக் குடுங்க."

பெயருக்கு எங்கே போவது? பாதிப் பேரை அவளுக்கே தெரியாது. சாலமன்ராஜுக்குப் போன் போட்டு, பயிற்சியின் வருகைப் பட்டியலைக் கேட்டாள்.

"அது எதுக்கு மேடம்?"

"அர்ச்சனைக்கு சார்."

அனுப்பி வைப்பதாகச் சொன்னார் சாலமன்ராஜ். பிறகு, "எனக்கு நட்சத்திரம் எல்லாம் தெரியாதே மேடம்" என்றார்.

செல்வலட்சுமி போனைப் பொத்திக்கொண்டு ஆவுடைத்தாயிடம் சொன்னாள். "அவரு வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு. நட்சத்திரம் தெரியாதாம்."

"அதனால என்ன? பேரச் சொன்னா ஆத்தாளுக்கு ஆளத் தெரியும்" என்றாள் ஆவுடைத்தாய்.

மறு திங்களுக்குள் பட்டியல் தபாலில் வந்தது. ஆவுடைத்தாய் ஒரு நகலை மடித்து மஞ்சப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அசல் மேஜை மேல் கிடந்தது. பயிற்சி வருகைப் பட்டியலுக்கு விதிப்படி ஓராண்டுதான் ஆயுசு, அது இப்போது செல்வலட்சுமிக்கு நன்றாகவே தெரியும். சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தவள், மேல் தாளோடு நிறுத்தாமல், கடைசிக் கையெழுத்துவரை ஒவ்வொரு பெயராக வாசித்தாள். பிறகு குறுக்கே 'நிரந்தரம்' என்று எழுதி, அச்சங்குளத்துக் கட்டோடு சேர்த்து வைத்தாள்.