மார்க்கெட்டில் தெரியாதவள்

சம்பளம் இல்லாமல் ஞாயிறுதோறும் ஒருத்தி எதற்காக வர வேண்டும்? அழகம்மாளுக்கு அது பிடிபடவே இல்லை.

எய்ட்ஸ் பாதித்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் வகுப்பு அது. அழகம்மாளின் தங்கை அந்த நோயில்தான் போய்ச் சேர்ந்தாள். இப்போது அழகம்மாள் வளர்க்கும் அவள் மகள் கனிஷ்காவுக்கும் பிறக்கும்போதே தொற்று. மாத்திரை தவறாததால் பிள்ளை துள்ளிக்கொண்டு திரிகிறாள். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. அழகம்மாள் காய்கறி விற்கும் காந்தி மார்க்கெட்டிலும் தெரியாது. தெரிந்தால் அவள் கைபட்ட கத்தரிக்காயை யார் வாங்குவார்கள்?

கைலாசபுரத்திலிருந்து ஞாயிறுதோறும் வந்த சுபலட்சுமி பிள்ளைகளுக்குப் பாட்டும் கணக்கும் சொல்லிக் கொடுத்தாள். அவள் செல்போனை எடுத்தாலே அழகம்மாள் கனிஷ்காவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். போட்டோ பிடித்து எதிலாவது போட்டுவிட்டால்?

"ஸ்ரீரங்கத்துல பட்டாம்பூச்சிப் பூங்காவுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறோம்க்கா. கனிஷ்காவை அனுப்புறீங்களா?"

"பாக்கலாம்" என்றாள் அழகம்மாள். அனுப்பும் எண்ணமே இல்லை.

அந்த வாரமே சுபலட்சுமி தன் மாமியாரோடு அழகம்மாளின் கடை முன்னால் வந்து நின்றாள். பக்கத்துக் கடை ராசப்பன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'கனிஷ்கா எப்படி இருக்கா' என்று ஒரு வார்த்தை போதும், எல்லாம் முடிந்தது. சுபலட்சுமியோ அவரைக்காய் விலை கேட்டாள், வாங்கினாள், முன்பின் பார்த்திராதவள் மாதிரிப் போய்விட்டாள்.

தப்பித்த நிம்மதி கொஞ்ச நேரம்தான். மாமியார் முன்னால் நம்மைத் தெரியும் என்று காட்டிக்கொள்ள வெட்கம், இதில் சேவை வேறு என்று மனசு அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வாசலிலேயே சுபலட்சுமியை மறித்தாள்.

"கடையில யாரோ மாதிரி போனீங்களே, ஏங்க?"

"நான் பேசினா, எப்படிப் பழக்கம்னு யாராச்சும் உங்களைக் கேப்பாங்களேக்கா."

அழகம்மாள் விடவில்லை. "நீங்க இங்க வர்றது உங்க மாமியாருக்குத் தெரியுமா?"

சுபலட்சுமி தலைகுனிந்தாள். "தெரியாதுக்கா. பாட்டு கிளாஸ்னு சொல்லியிருக்கேன். வீட்ல கைக்குழந்தை இருக்கு, ஒட்டிக்கும்னு பயப்படுவாங்க."

அழகம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இப்படி மழுப்பாமல் இதுவரை யாரும் பேசியதில்லை.

"உங்களுக்குப் பயமில்லையா?"

"மொதல்ல இருந்துச்சு."

"கனிஷ்கா வருவா. நானும் கூட வருவேன். ஒருத்தரும் போட்டோ எடுக்கக் கூடாது."

"சரிக்கா."

வேன் காவிரிப் பாலத்தில் ஏறியபோது பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். கனிஷ்கா பெரியம்மாவை விட்டு எழுந்துபோய் சுபலட்சுமியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அழகம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிடவில்லை. அவர்கள் இருவரையும் பார்த்தபடியே வந்தாள்.