சத்தம் போன இடம்

தங்கராஜுக்கு 'மூணாம் கேட்' பிடித்துப்போனதற்குக் காரணம், அதில் சத்தம் போய்விடும் இடங்கள்தான்.

துறைமுகத்து ரவுடிகளைப் பற்றிய தொடர் அது. முதலில் போனில் சந்தா கட்டிப் பார்க்கிறவர்களுக்காக வந்தது. பிறகு டிவிக்கு வந்தபோது, கெட்ட வார்த்தை வரும் இடங்களில் எல்லாம் சத்தத்தை எடுத்துவிட்டார்கள். ஆட்கள் வாயைத் திறப்பார்கள், கழுத்து நரம்பு புடைக்கும், ஒன்றும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், மேனாம்பேட்டு மாடி வீட்டுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, தங்கராஜ் அந்த இடங்களை நிரப்புவான். டிவி ஊமையானதும் இவன் வாயிலிருந்து வார்த்தை வந்து விழும். உதட்டசைவோடு சரியாகப் பொருந்திவிட்டால் தொடையில் தட்டிச் சிரிப்பான்.

அவன் மனைவி சாவித்திரிக்கும் அந்தத் தொடர் பிடிக்கும். அடுப்புக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே பார்ப்பாள். உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பாள். உட்கார்ந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

கடைசிப் பகுதி வந்த ஞாயிறன்று ஆவடியிலிருந்து தங்கராஜின் தம்பி சந்தோஷும் அவன் மனைவி ஜோதிகாவும் வந்திருந்தார்கள். ஒன்பதாவது படிக்கும் மகள் நிஷா அப்பாவின் காலடியில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாவித்திரி பஜ்ஜித் தட்டோடு சுவரோரம் நின்றாள்.

கதை முடியும் இடம் இப்படி: ரவுடி தொரை எதிராளிகளுக்குப் பயந்து ஒரு மாடி வீட்டில் ஒளிந்திருக்கிறான். ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும். பையைக் கட்டிக்கொண்டே மனைவி கலாவிடம் சொல்கிறான்: "கீழ யார்னா நிக்கிறாங்களா, பாருடி..."

அடுத்த வார்த்தைக்குச் சத்தம் இல்லை. தொரையின் உதடுகள் மட்டும் அசைந்தன.

தங்கராஜ் வாயைத் திறப்பதற்குள், தரையிலிருந்து அந்த வார்த்தை வந்தது. நிஷா சொன்னாள். தெளிவாக, சிரித்துக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிற பிள்ளையைப் போல.

"அடிச் செருப்பால!" என்றான் தங்கராஜ். கோபம் இல்லை, சிரிப்புத்தான். "என்னையே முந்திக்கினா பாருடா!" சந்தோஷ் கைதட்டினான். ஜோதிகா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்; பிறகு சாவித்திரியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

டிவியில் கலா பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். அவள் என்ன பார்த்தாள் என்று காட்டவில்லை. முகத்தைத்தான் காட்டினார்கள். ரொம்ப நேரம். பிறகு உள்ளே திரும்பி, "யாரும் இல்ல" என்றாள். தொரை பையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினான். திரை இருட்டானது. இருட்டுக்குள் ஒரு கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

"இன்னாடா இது, செத்தானா இல்லியா?" என்றான் சந்தோஷ்.

"செத்தான். ஆனா அவளுக்குத் தெரியாது," என்றான் தங்கராஜ். "அவ பாக்கும்போது எதிராளிங்க கார் இல்ல. அப்பால வந்துகீது."

"அவ பாத்தாண்ணா. பாத்துட்டுதான் யாரும் இல்லன்றா. மூஞ்சியப் பாத்தல்ல?"

"போடா. பதினஞ்சு வருசம் கூட வாழ்ந்தவ. ஊட்டுக்காரன் சாவட்டும்னு உடுவாளா? எதுக்கு உடணும்? அடிச்சானா? சோறு போடலியா?"

"அவன் சொன்ன வார்த்தைக்கு," என்றாள் சாவித்திரி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இதுவரை எந்த வாரமும் அவள் கதையைப் பற்றிப் பேசியதில்லை.

"எந்த வார்த்தை?"

"கடைசியா சொன்னானே."

தங்கராஜ் சிரித்தான். "அந்த வார்த்தைக்கா? அதுக்குக் கொலை பண்றதுன்னா மெட்ராஸ்ல ஒரு ஆம்பள உயிரோட இருக்க மாட்டான்." பிறகு தட்டைக் காட்டி, "சட்னி கொண்டாடி" என்று, கூடவே அதே வார்த்தையையும் சேர்த்தான். சேர்த்தது அவனுக்கே தெரியவில்லை. உப்புக்கும் சாவிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் அந்த வார்த்தையோடுதான் அவளைக் கூப்பிடுவான். கை நீட்டுகிறவன் இல்லை. பாடியில் ஒரு கம்பெனிக் கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், குடிப்பதில்லை, நேராக வீட்டுக்கு வருகிறான். நல்ல மனுஷன் என்று அவள் அம்மாகூடச் சொல்வாள்.

சாவித்திரி சட்னி கொண்டுவந்தாள். அன்று இரவு தூக்கம் வரவில்லை. வார்த்தை புதிதில்லை. அவள் மனதில் திரும்பத் திரும்ப ஓடியது மகளின் குரல்.

மறுநாள் தொழிற்பேட்டையிலும் இதே பேச்சுத்தான். சாவித்திரி ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் பேக்கிங் பகுதியில் வேலை செய்கிறாள். பக்கத்து மேஜை சபீனா பூந்தமல்லியிலிருந்து வருகிறவள். 'மூணாம் கேட்' ரசிகர்களுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் கிடையாகக் கிடப்பவள். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"க்ரூப்புல காத்தாலேர்ந்து சண்டைக்கா. கலா பாத்தாள்னு ஒரு கோஷ்டி, பாக்கலன்னு ஒரு கோஷ்டி. ஒருத்தன் பால்கனி உயரத்த அளந்து படம் போட்டுக்கீறான், கார் அங்க நின்னா தெரியாதாம். டிவில பாத்தவங்களுக்கு வேற முடிவு, போன்ல பாத்தவங்களுக்கு வேற முடிவுன்னு இன்னொருத்தன்."

"ரெண்டும் வேற வேறயா?"

"முடிவு ஒண்ணுதான். ஆனா டிவில அந்த வார்த்தைய எடுத்துட்டாங்கல்ல, அவன் எவ்ளோ கேவலமா பேசிக்கீறான்னு பாக்குறவங்களா மனசுல ஏத்திக்கிறாங்க."

சாவித்திரியின் கை சோற்றில் நின்றது. "போன்ல சத்தம் இருக்கா?"

"முழுசா கீது. பாக்குறியா?"

சபீனா இயர்போனின் ஒரு முனையைக் கொடுத்தாள். சாவித்திரி கையைக் கழுவிவிட்டு வந்து காதில் செருகிக்கொண்டாள். தொரை பையைக் கட்டினான். பால்கனிப் பக்கம் தலையை ஆட்டினான்.

"கீழ யார்னா நிக்கிறாங்களா, பாருடி மூதேவி."

சாவித்திரி இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள். இன்னொரு முறையும் கேட்டாள்.

"மூதேவியா?"

"மூதேவிதான். அதுக்கே சத்தத்த எடுத்துட்டானுங்க, பாரேன்! குடும்பத்தோட பாக்கறதாம்." சபீனா சிரித்தாள். "எங்க ஊட்ல இதெல்லாம் குட்மார்னிங் மாதிரி. இன்னாக்கா, ஏன் ஒரு மாதிரி ஆயிட்ட?"

தொரை அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. துறைமுகத்தில் ஏழு பேரைக் கொன்ற தொரை தன் பெண்டாட்டியை மூதேவி என்றுதான் சொன்னான். அந்த இடத்தில் தன் மகள் போட்டு நிரப்பியது தொரையின் வார்த்தை இல்லை. அது அவள் வீட்டு வார்த்தை.

மத்தியானம் முழுக்க அட்டைப்பெட்டிகளில் தப்பும் தவறுமாக லேபிள் ஒட்டினாள். சூப்பர்வைசர் செல்வகுமார் இரண்டு தடவை வந்து நின்று பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லன்னா சொல்லும்மா" என்று போனார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுந்து எங்கேயாவது நடக்க வேண்டும் போல இருந்தது. வேலை விட்டதும் ஷேர் ஆட்டோவில் ஏறாமல் வீடு வரைக்கும் நடந்தாள். வெயில் இன்னும் தாழவில்லை. லாரிகள் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு போயின. அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை.

வீட்டில் தங்கராஜ் முதல் ஷிஃப்ட் முடித்து வந்து, சட்டையைக் கழற்றிப்போட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தான். நிஷா உள் அறையில் படித்துக்கொண்டிருந்தாள். இவள் செருப்பைக் கழற்றும்போதே அவன் கேட்டான்: "இவ்ளோ நேரம் எங்கடி போயிருந்த? தண்ணி எடு." கூடவே அது.

சாவித்திரி சமையலறைக்குப் போகவில்லை. கூடத்து ஜன்னல் இரண்டையும் விரியத் திறந்தாள். தெருப்பக்கக் கதவைச் சுவரில் மோதும்படி தள்ளினாள். கீழே வீட்டுச் சொந்தக்காரக் கிழவர் செங்கல்வராயன் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடி பண்ற? கொசு வரும்."

"இப்ப சொல்லு."

"எத?"

"இப்ப என்னை ஒண்ணு சொன்னியே. அதே மாதிரி, அதே சத்தத்துல சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

தங்கராஜ் எழுந்து உட்கார்ந்தான். "பைத்தியமா புடிச்சிக்கீது உனக்கு? கதவ சாத்து." குரல் தானாக இறங்கியிருந்தது.

"ஏன் மெதுவா பேசற? வாசல்ல சொல்ல முடியாதா? அப்ப உனக்குத் தெரியுது. எங்க சொல்லலாம், எங்க சொல்லக்கூடாதுன்னு உனக்கு நல்லாத் தெரியுது. இந்தப் பதினாறு வருசமா உனக்குத் தெரியாம வாயில வருதுன்னு நினைச்சேன் பாரு!"

கடைசி வார்த்தைகளை அவள் கத்தியிருக்க வேண்டும். எதிர்மாடியில் துணி எடுத்த கை நின்றது. படியில் ரப்பர் செருப்புச் சத்தம் கேட்டது. செங்கல்வராயன் பாதிப் படி ஏறி நின்று, கையில் பைப்போடு எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இன்னா சத்தம்?"

தங்கராஜ் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டே சிரிக்கப் பார்த்தான். "ஒண்ணும் இல்லண்ணே. டிவி."

"டிவி இல்லண்ணே," என்றாள் சாவித்திரி. "டிவில இதையெல்லாம் கேக்காம பண்ணிடுவாங்க. இது எங்க ஊடு."

கிழவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார். பைப்பிலிருந்து படியெல்லாம் தண்ணீர் சொட்டியிருந்தது.

தங்கராஜுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "மானத்த வாங்கிட்ட இல்ல?" என்றான். "ஒரு வார்த்தைக்கு இவ்ளோவா? அடிச்சேனா நான்? ஒரு நாள் கை வச்சிக்கீறேனா?"

"நேத்து உன் பொண்ணு சொன்னா. நீ கைதட்டின."

"சந்தோஷ்தான் தட்டினான்." சொன்னதும் அவனுக்கே அசிங்கமாக இருந்திருக்க வேண்டும். "டிவில வந்தது, கொழந்த சொல்லிச்சு."

"டிவில வரல. அவன் மூதேவின்றான். இன்னிக்கு நான் கேட்டேன். அந்த வார்த்தை அந்தக் கதையிலயே இல்ல. அவ உங்கிட்ட கத்துகினா. நாளைக்கு எவனாவது அவளை அப்படிக் கூப்பிட்டா, இதான் என் பேருன்னு திரும்பிப் பாப்பா. என்னை மாதிரி."

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது சாப்பாடு மூடி வைத்திருந்தது. தானே போட்டுச் சாப்பிட்டான்.

அடுத்த ஒரு வாரம் முழுக்க அந்த வீட்டில் பேச்சு நொண்டியது. "சாவி எங்கடி..." என்று ஆரம்பிப்பான்; நின்றுவிடுவான்; தொண்டையைச் செருமிக்கொண்டு தானே தேடுவான். ஒரு நாள் காலையில் மோட்டார் ஓடாத ஆத்திரத்தில் அது முழுசாக வந்துவிட்டது. சாவித்திரி கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தாள். "சரி, சரி, சாத்து," என்றான் அவன். மன்னிப்பு என்றெல்லாம் கேட்கவில்லை. கேட்பான் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம், வேலை விட்டு வந்த அவளை வாசலில் பார்த்து, "சாவித்திரி, டீ போடவா?" என்றான். பெயரைச் சொல்லும்போது புது ஆளைக் கூப்பிடுவது போல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. போட்ட டீயில் சர்க்கரை அதிகம். குடித்தாள்.

சபீனாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப கலா பாத்தாளா, பாக்கலியாக்கா?" என்று அவள் விடாமல் கேட்டாள். குழுவில் சண்டை இன்னும் ஓயவில்லையாம். "எனக்கு இன்னா தெரியும்?" என்றாள் சாவித்திரி. நிஜமாகவே தெரியவில்லை. முதல் நாள் அத்தனை நிச்சயமாக இருந்தது இப்போது போய்விட்டிருந்தது.

நிஷாவிடம்தான் எப்படிப் பேசுவது என்று பிடிபடவில்லை. இரண்டு முறை ஆரம்பித்தாள். "சும்மா ஜாலிக்குச் சொன்னேன்மா, க்ளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க" என்று அவள் போனைப் பார்த்தபடியே முடித்துவிட்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம், சாவித்திரி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, உள் அறையிலிருந்து அந்த வார்த்தை கேட்டது. சன்னமாக, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். நிஷா கணக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுவதையும் பேனாவால் கிறுக்கி அடித்திருந்தாள். போன் தூரத்தில் கிடந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

"யாரைடி சொன்ன?"

"உன்ன இல்ல."

"அப்ப யாரை?"

நிஷாவின் கண் கலங்கியிருந்தது. "மூணாவது வாட்டியும் தப்பா வருதும்மா. என்னையதான் சொல்லிக்கினேன்."

வேறு யாரையாவது சொல்லியிருந்தால்கூடச் சாவித்திரி திட்டியிருப்பாள். வெங்காயக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"காட்டு."

"உனக்குத் தெரியாதும்மா இது."

"தெரியாது. நீ சத்தமா படி, நான் கேக்கறேன். எங்க தப்பு வருதோ அங்க நிறுத்து."

நிஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். வெளியே தங்கராஜின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்திருந்தது. "இந்தாய்யா, அடுப்ப அணை!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள் சாவித்திரி. மகள் முதல் வரியைப் படித்தாள்.