இருவர் பெயரிலும் ஒரு வீடு

விவாகரத்துத் தீர்ப்பு கிடைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வங்கியிலிருந்து விஜயலெட்சுமிக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. உறையின் மேல் அவள் பெயரும் துஷாந்தின் பெயரும் ஒரே வரியில் இருந்தன. தபால்காரர் வழக்கம்போல ஐயா வீட்டில் இல்லையா என்று கேட்டார். இல்லை என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக் கடனுக்கு நான்கு மாதமாகப் பாதித் தவணைதான் வருகிறது, மாத முடிவுக்குள் நிலுவையைக் கட்டாவிட்டால் ஈடு வைத்த வீட்டின் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று கடிதம் சொன்னது. வந்துகொண்டிருந்த பாதி அவளுடையது.

அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் ரோட்டில், எட்டுப் பேர்ச் அளவுள்ள சிறு காணியில் நின்றது அந்த வீடு. அவளும் துஷாந்தும் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறைகளில் பிறந்து வளர்ந்தவர்கள். இரண்டு குடும்பத்திலும் காணி உறுதிப் பத்திரம் ஒன்றில் பெயர் ஏறிய முதல் ஆட்கள் அவர்கள்தான். அவள் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தாள். அவன் சொந்த வேன் ஓட்டினான். இரண்டு வருமானத்தையும் காட்டி, இருவரும் சேர்ந்து கையெழுத்து வைத்து எடுத்த கடன் அது.

அவர்கள் பிரிந்ததற்கு அடியோ குடியோ காரணமில்லை. துஷாந்த் எதையும் மனதுக்குள் பூட்டி வைப்பான். என்ன ஆயிற்று என்று கேட்டால் எரிந்து விழுவான். கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனவள் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்தினாள். கடைசி இரண்டு வருடம் வீட்டில் பேச்சே இல்லை. பிறகு அவன் பண்டாரவளையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டை என்ன செய்வது என்பதை இருவரும் பேசி முடிவு செய்யலாம், அதுவரை ஆளுக்குப் பாதி கட்டுவது என்று வழக்கின்போது ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு நடக்கவே இல்லை.

அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு பண்டாரவளைக்கு, வங்கிக்குப் போனாள். கடன் பகுதியில் ஹம்ஸியா என்ற அலுவலர் இருந்தார். தன் பாதியை ஒரு மாதமும் தவறாமல் கட்டியிருப்பதாகவும், நடவடிக்கை எடுப்பதானால் அவன் மேல்தான் எடுக்க வேண்டும் என்றும் விஜயலெட்சுமி சொன்னாள்.

"டீச்சர், பேங்குக்குப் பாதின்னு ஒண்ணு இல்ல" என்றார் ஹம்ஸியா. "முழுக் கடனுக்கும் ரெண்டு பேரும் கையெழுத்து வச்சிருக்கீங்க. அவர் கட்டலன்னா ஒங்ககிட்ட கேப்போம். நீங்க கட்டலன்னா அவர்கிட்ட கேப்போம். விவாகரத்து ஆனாலும் அது மாறாது."

கடனை அவள் ஒருத்தியின் பெயருக்கு மாற்ற அவளுடைய சம்பளம் போதாது. கட்டும் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கலாம், ஆனால் அதற்கு இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வேறு ஏதாவது வருமானம் உண்டா என்று ஹம்ஸியா கேட்டார். அவள் இல்லை என்றாள். இன்னும் ஒரு மாதம் அவகாசம் வாங்கித் தர மட்டும் அந்த அலுவலரால் முடிந்தது.

துஷாந்த் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள், வீட்டை விற்றுவிடுவோம், ஆள் பார்த்திருக்கிறேன் என்று ஒரு செய்தி அனுப்பினான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். வந்தவர் ஸனூஸ், பண்டாரவளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்பவர். அவர் மதிலோரம் நின்று காணியின் எல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விஜயலெட்சுமி வெளியே வந்தாள். தன்னிடம் கேட்காமல் இந்த வீட்டை யாரும் விற்க முடியாது என்றாள். துஷாந்த் குரலை உயர்த்தினான். அவளும் விடவில்லை. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஸனூஸுக்குச் சங்கடமாகிவிட்டது. இருவருக்கும் சம்மதம் என்று தன்னிடம் சொல்லப்பட்டதாகவும், இப்படிப்பட்ட வீடு தனக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஜீப்பில் ஏறும்போது திரும்பி, "தம்பி, நாளைக்கு லொறி நாலு மணிக்கு. பிந்திறாத" என்றார்.

அது அவள் காதில் விழுந்தது. சொந்த வேன் வைத்திருப்பவனுக்கு இன்னொருவருடைய லொறியில் என்ன வேலை?

பாடசாலையில் எல்லோரும் வழக்குப் போடச் சொன்னார்கள். பதுளையில் ஒரு சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கத்தைக் கூட ஒருவர் எழுதிக் கொடுத்தார். அவளும் போவதாகத்தான் இருந்தாள். ஆனால் அந்த லொறி விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டதும் பஸ் ஏறிப் பண்டாரவளையில் ஸனூஸின் கடையைத் தேடிப் போனாள். கடையின் பின்பக்கம் துஷாந்த் கோவா, கரட் மூட்டைகளை லொறியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"வேன் எங்க?" என்று கேட்டாள்.

வேலைக்கு விட்டிருப்பதாகச் சொன்னான். அவள் அங்கிருந்து நகரவில்லை. அவன் கவிழ்த்துப் போட்டிருந்த மரக்கறிக் கூடையில் உட்கார்ந்தான்.

"லீசிங்காரன் எடுத்துட்டான். அஞ்சு மாசமாச்சு."

நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலேயே, வேனை வாங்கிய லீசிங் கடனின் தவணை பின்தங்கிவிட்டது என்றான். அங்கே இங்கே வாங்கிச் சமாளித்தும் முடியவில்லை. வேனை அவர்கள் எடுத்துக்கொண்டு போன பிறகும் லீசிங் கம்பனிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி இருந்தது. அவன் பேசப் பேச விஜயலெட்சுமிக்கு அந்த வருடங்கள் ஒவ்வொன்றாகப் புரிந்தன. மாத முடிவானால் சாப்பிடாமல் எழுந்து போனது, போன் அடித்தால் வெளியே ஓடியது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தியது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஒனக்கு மாசாமாசம் சம்பளம் வந்துச்சு. எனக்கு வரலன்னு எப்புடிச் சொல்றது?"

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டுதான் பேசினாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நாம பிரிஞ்சிருக்க மாட்டோம்னு சொல்ல வரல. அது முடிஞ்சு போச்சு. ஆனா வீடு இந்த நெலமைக்கு வந்திருக்காது."

அவன் தலையாட்டினான். "நீ அங்க இருக்கிறது எனக்குப் பிடிக்காம இல்ல விஜி. என்னால கட்ட முடியல. விக்கிறதத் தவிர வேற வழி தெரியல."

ஸனூஸ் உள்ளேயிருந்து இரண்டு பிளேன்டீ அனுப்பி வைத்தார். அதைக் குடித்துக்கொண்டே அவர்கள் முதல் தடவையாகக் கடனைப் பற்றிப் பேசினார்கள். மட்டக்களப்புப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த இரண்டு ஆசிரியைகள் தங்க இடம் தேடுவது விஜயலெட்சுமிக்கு ஏற்கனவே தெரியும். வாடகைக்கு விடுவதைப் பற்றி அவள் யோசிக்காமலே இருந்ததற்குக் காரணம் பயம். ஒரு அறையை விட்டுக்கொடுத்தாலும் வீட்டின் மேல் தன் பிடி தளர்ந்துவிடும் என்று நினைத்தாள். அதுவும் போக, ஆளில்லாமல் கிடந்த இரண்டு அறைகளில் ஒன்றில் துஷாந்தின் சாமான்கள் பூட்டிக் கிடந்தன.

இரண்டு அறைகளையும் விடுவது, வாடகை நேரே கடன் கணக்குக்குப் போவது, அவன் தன்னால் முடிந்த சிறு தொகையைக் கட்டுவது என்று பேசினார்கள். பின்னால் அவளுக்கு வசதி வரும்போது அவனுடைய பங்குக்கு விலை மதித்துக் கொடுத்து வீட்டை எடுத்துக்கொள்வாள். இதை நொத்தாரிசிடம் போய் ஒப்பந்தமாக எழுதிக்கொள்ள வேண்டும் என்றான் அவன். நம்பிக்கை இல்லையா என்று கேட்க வாயெடுத்தாள். யோசித்துப் பார்த்தால் அவளுக்கும் அது எழுத்தில்தான் வேண்டியிருந்தது.

அடுத்த கிழமை இருவரும் ஹம்ஸியாவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. எட்டு வருடம் நீட்டக் கேட்டார்கள், வங்கி ஐந்து வருடம் கொடுத்தது. தண்ட வட்டியில் பாதியைத்தான் தள்ளுபடி செய்தது. நிலுவையை ஆசிரியைகளின் முற்பணமும் விஜயலெட்சுமியின் சீட்டுப் பணமும் அடைத்தன. ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் அவள் கையெழுத்துப் போட்டு, தாள்களை அவன் பக்கம் தள்ளினாள். வெளியே வந்ததும் அவன் லொறிக்கு நேரமாகிவிட்டது என்று சந்தைப் பக்கம் நடந்தான். அவள் அப்புத்தளை பஸ்ஸுக்கு நின்றாள். நின்றபோது, கடிதம் வந்த நாளிலிருந்து விடாத தலைவலி இன்று காலையிலிருந்து வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை துஷாந்த் வந்து அறையைக் காலி செய்தான். தண்ணீர்த் தாங்கியின் வால்வை இறுகப் பூட்டினால் உடைந்துவிடும் என்று திறந்து மூடிக் காட்டினான். போகும்போது வாசலில் நின்று, லீசிங்காரர்களுக்குக் கட்ட வேண்டியிருப்பதால் அடுத்த மாதம் தன் பணம் பத்து நாள் பிந்தும் என்றான். சரி, ஹம்ஸியாவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன் என்றாள் அவள்.

மறுநாள் காலையில் அவள் டவுனுக்குப் போய் வாசல் சாவிக்கு இரண்டு பிரதி வெட்டி வாங்கினாள். பின்னேரம் ஆசிரியைகள் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். குளிர் இப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்று நடுங்கிக்கொண்டே சிரித்தார்கள். சுடுதண்ணீருக்கு அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, அன்றைக்கு மூன்று பேருக்கு அரிசி அளந்து போட்டாள் விஜயலெட்சுமி.