கங்கம்மாவின் மூச்சு

முனிராஜ் கொல்லைக்காட்டில் தண்ணீரே வராத போர்க்குழாய் போன தை மாதம் மூச்சுவிட ஆரம்பித்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அவன் பெண்டாட்டி நிர்மலாதேவியே முதலில் நம்பவில்லை. மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

"மூச்சு வுடுது நிர்மலா. வந்து பாரு."

போய்ப் பார்த்தாள். உச்சி வெயில். தக்காளிச் செடியெல்லாம் காய்ந்து, முட்டுக் கொடுத்த குச்சிகள் மட்டும் வரிசையாக நின்றன. ஒரு காக்கை கூட இல்லை. நடுவில் முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயின் தகர மூடி ஓட்டையிலிருந்து ஹ்ஹா என்று காற்று வந்தது. சற்று நின்றது. மறுபடி ஹ்ஹா. அசந்து தூங்குகிறவர்கள் விடுகிற மூச்சு மாதிரியே இருந்தது. குனிந்து முகத்தைக் காட்டினாள். சில்லென்று ஈரமண் வாசனை, அதற்குள் லேசாக ஒரு எண்ணெய் வாசனை. அடி ஆழத்தில் ஊஊவென்று என்னவோ முனகியது.

அந்தப் போரைப் போட்ட கதை ஊருக்கே தெரியும். தண்ணீருக்குத் தெய்வமான கங்கம்மாவுக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, போர் வண்டியை இறக்கினார்கள். பகலும் ராத்திரியும் ஓடி, கடைசிவரை புகை மாதிரி வெள்ளைப் புழுதிதான் வந்தது. வண்டி போன பிறகும் முனிராஜ் அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்திருந்தான். அதன் பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. ஒருநாள் மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் பூச்சிமருந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். நிர்மலா அவனை மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லி அனுப்பிவிட்டு, டப்பாவை எடுத்துச் சோளத்தட்டு அடுக்குக்குள் ஒளித்தாள். அன்றிலிருந்து அவன் எங்கே போனாலும் அவள் கண்ணும் பின்னாலேயே போயிற்று. அப்படி ஒரு பிழைப்பு!

போர் மூச்சுவிட்ட அன்றைக்குத்தான் அவன் தட்டை நீட்டி மறுசோறு கேட்டான்.

அடுத்த தெரு பாஞ்சாலி வந்தாள். சாமி வந்து ஆடுகிறவள். ஒன்றைச் சொன்னால் பத்தாக்குகிறவள். குழாயின் தகர மூடியில் இருந்த சின்ன ஓட்டையின் மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாள். பழம் நடுங்கிற்று. பிறகு எழும்பி எழும்பி ஆடிற்று. பாஞ்சாலி குலவை போட்டாள்.

"கங்கம்மா ஆத்தா அடியில வந்து ஒக்காந்துட்டாடா முனிராஜு! வெளக்கெண்ணெய் வாசன வருது பாரு. வருவா, மேல வருவா."

குழாய்க்கு மஞ்சள் பூசினார்கள், பொட்டு வைத்தார்கள். எந்த விவசாயியும் போரில் ஒரு கல்லைப் போட்டுக் காது கொடுத்துத்தான் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பான்; களக்கென்றால் தண்ணீர், டொக்கென்றால் வெறும் பாறை. ஆத்தா உட்கார்ந்த குழாயில் யார் கல்லைப் போடுவது? அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முனிராஜ் தினமும் அதன் பக்கத்தில் படுத்து, காதை இரும்பில் வைத்துப் பேசினான். மூச்சு பதில் சொல்கிற மாதிரி வரும். நடுநடுவே அடங்கினால் ஆத்தா கண்ணயர்ந்துவிட்டாள் என்பான். நிர்மலா தூரத்தில் நின்று பார்ப்பாள். பயமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. எது பேசினால் என்ன, மனுஷன் உயிரோடு இருக்கிறானே!

சித்திரையில் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. ஊருக்கே கரண்ட் இல்லை. அதே சமயம் போரும் அடங்கிப்போனது. கரண்ட்டுக்கும் ஆத்தாவுக்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்? முனிராஜ் குழாயைக் கட்டிக்கொண்டு அழுதான். "கோவிச்சுக்கினியா ஆத்தா? வந்துடு. மாட்ட வித்தாவது இன்னும் ஆழமா எறக்கறேன்."

அந்த வீட்டில் இரண்டு கறவை மாடுகள்தான் மிச்சம். அடுப்பு எரிவது சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான்.

டிரான்ஸ்பார்மர் மாற்றிய அன்று நிர்மலா கொட்டாயில் சோளத்தட்டு உருவிக்கொண்டிருந்தாள். சுவரில் பழைய ஸ்டார்ட்டர் பெட்டி தொங்கியது. அதில் சிவப்பு விளக்கு பட்டென்று எரிந்தது. மோட்டார் ஓடுகிற த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிட்டது. மேற்கே அடுத்த கொல்லைக்காரன் குப்புராஜின் போரில் காற்றடித்துத் தண்ணீரை மேலே தள்ளுகிற கம்பரசர் இருமிவிட்டுத் தடதடவென்று ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் கொல்லை நடுவிலிருந்து பாஞ்சாலியின் குலவை கேட்டது.

"வந்துட்டா! ஆத்தா வந்துட்டா!"

நிர்மலாவின் கையிலிருந்த தட்டு நழுவி விழுந்தது. அடுத்த நாளும் பார்த்தாள், அதற்கடுத்த நாளும் பார்த்தாள். சிவப்பு விளக்கு அணைந்தால் மூச்சு அடங்கும்; எரிந்தால் எழும்பும். குப்புராஜ் கொல்லைப் பக்கம் போனபோது கம்பரசரிலிருந்து அதே எண்ணெய் வாசனை அடித்தது. அவன் தன் போருக்குள் அடிக்கிற காற்று, பாறை வெடிப்பு வழியாக ஊர்ந்து இங்கே வந்து வெளியேறுகிறது. ஆத்தாவும் இல்லை, ஊத்தும் இல்லை.

சொல்லலாமா? சொன்னால் அந்த மனுஷன் மறுபடி டப்பாவைத் தேடினால்? சொல்லாமல் விட்டால் மாடுகள் போகும், ஆழப்படுத்திய குழியிலும் புழுதி வரும், அப்போதும் அவன் டப்பாவைத்தான் தேடுவான்.

ஆத்தாவுக்குக் கொடுத்த வாக்குப்படி முனிராஜ் மாட்டுத் தரகரிடம் பேசிவைத்தான். அவர் வண்டியோடு வருவதாகச் சொன்ன நாள் வந்தது. முனிராஜ் மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, அது ஆத்தா இல்லீங்க. குப்புராஜண்ணன் கம்பரசர் காத்து."

அவன் கையில் இருந்த சொம்பு பறந்து வந்து சுவரில் மோதியது. "வாயக் கழுவுடி! நானும் அவளும் பேசறது உனக்கு என்னா தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு நட எங்கூட வாங்க. நான் சொல்றது பொய்யா இருந்தா மாட்ட நானே ஏத்தி வுடறேன்."

போனார்கள். குப்புராஜ் கம்பரசருக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். போர் வாயில் காற்று வெளியேறாதபடி சாக்கைத் திணித்து ரப்பர் டியூபால் இறுக்கியிருந்தான். அவனுக்காவது தண்ணீர் வருகிறது என்றுதான் ஊரே நினைத்திருந்தது. நிர்மலா தொட்டியை எட்டிப் பார்த்தாள். அடியில் சேறு வெடித்துக் கிடந்தது. ஓணான் ஒன்று ஓடியது. தொட்டியில் விழுகிற குழாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

"தண்ணி எங்கண்ணா?"

"வரும்மா." குப்புராஜ் சிரித்தான். பல மாதமாகத் தூங்காத கண். "எனக்கு நின்னுபோயி மார்கழியோட ஆச்சு. வாய சாக்கால அடைச்சு, ஊத்துக்கண்ணு தெறக்குமான்னு காத்து வுட்டுப் பாத்தேன். அப்பறம் நிறுத்திடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள உங்க போர்ல ஆத்தா மூச்சு வுடறாள்னு ஊரே பேசுச்சு. பக்கத்துலயே ஊத்து இருக்கறப்ப நான் எப்படி நிறுத்துவேன், சொல்லு?"

இவன் காற்றை நம்பி அவன், அவன் மூச்சை நம்பி இவன்!

முனிராஜ் போனை எடுத்து, தன் கொல்லையில் குழாயடியில் இருந்த பாஞ்சாலியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டான்.

"பழம் ஆடுதா அக்கா?"

"ஜோரா ஆடுதுடா."

அவன் விரல் கம்பரசரை நிறுத்துகிற சிவப்புப் பித்தானின் மேல் நின்றது. நிர்மலா அவனைத் தொடவில்லை. அவன் அழுத்தினான். பெல்ட் சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது. மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெகுநேரம் கழித்துப் பாஞ்சாலியின் குரல் கிறீச்சிட்டது.

"டேய் முனிராஜு... பழம் நின்னுடுச்சுடா! ஆத்தா போயிட்டாடா!"

திரும்பி நடந்தார்கள். குப்புராஜும் பின்னாலேயே வந்தான். முனிராஜ் எலுமிச்சம்பழத்தை எடுத்து வரப்பில் வைத்தான். தகர மூடியைக் கழற்றினான். ஒரு கல்லைப் பொறுக்கினான்.

"பாவி! ஆத்தா மேலயா கல்லப் போடற?" பாஞ்சாலி கையைப் பிடித்தாள்.

"வுடுக்கா. தண்ணி இருந்தா அவ இருக்கா."

போட்டான். கல் இரும்பில் உரசி, பாறையில் பட்டுப் பட்டு, இறங்கிக்கொண்டே போயிற்று. நாலு பேரும் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். சத்தம் தேய்ந்து தேய்ந்து, முடிந்துவிட்டது என்று நினைத்தபோது, அடியிலிருந்து வந்தது.

டொக்.

குப்புராஜ் அப்படியே வரப்பில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். முனிராஜ் மூடியைப் போட்டு, போல்ட்டை ஒவ்வொன்றாக முறுக்கினான். "இத்தன நாளா யாருகிட்ட பேசினேன் நிர்மலா?" என்றான். அழுதான். அவளும் அழுதாள். ஏமாந்த அழுகையை அழுதுதானே தீர்க்க வேண்டும்!

சாலையில் தரகர் வண்டி ஹாரன் அடித்தது. முனிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் என்னவோ சொன்னான். தரகர் திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். நிர்மலா அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் நேராகக் கொட்டாய்க்குப் போனான். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

அவன் மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டிக்கொண்டிருந்தான். திரும்பாமலேயே சொன்னான்:

"அந்தச் சோளத்தட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கியே டப்பா, அத எடுத்து அப்புறப்படுத்து. மாடு வாய வெச்சிடப்போவுது."