இரவல் போன சிறைப் பதக்கம்

"ஜெயிலுக்குப் போனா நகை குடுப்பாங்களா?" என்று வின்னி ஒருமுறை கேட்டாள்.

அவளுக்கு அப்போது ஆறு வயது. பக்கத்து வீட்டுக் குழந்தை. சூடாக ஏதாவது கிடைக்கும் என்று மாலை நேரங்களில் கிரிம்ஷா அம்மாள் வீட்டுச் சமையலறைக்கு வந்துவிடுவாள். அன்று காலி டப்பா என்று நினைத்து ஒரு தேயிலை டப்பாவுக்குள் கையை விட்டாள். உள்ளே இருந்த ஊசிப் பதக்கம் விரலில் குத்திவிட்டது.

"குடுப்பாங்க கண்ணு," என்றாள் சமையல்காரி ஹெஸ்டர், அந்த விரலை ஊதிவிட்டபடி. "ஆனா அங்க சாப்பாடு வாயில வைக்க முடியாது."

"திருடனுக்கும் குடுப்பாங்களா?"

"திருடன் அங்க போறதுக்கு முன்னாடியே எடுத்துக்குவான்ல?"

வெள்ளியில் செய்த சின்னக் கதவு அது. பாராளுமன்ற வாசலின் இரும்புக் கதவைப் போல வார்த்திருந்தார்கள். அதன் நடுவே ஓர் அம்பு. சிறை உடுப்பில் அடிக்கும் அதே அம்பு. இதில் மட்டும், ஓட்டுரிமை கேட்ட பெண்கள் இயக்கத்தின் நிறங்களான ஊதா, வெள்ளை, பச்சை பூசியிருந்தது. 1909இல் ஹெஸ்டர் தறிக்காரியாக இருந்தபோது, பெண்களுக்கு ஓட்டுக் கேட்டு லண்டனுக்குப் போனாள். போலீஸ் வரிசையைத் தள்ளிக்கொண்டு போனதற்காக ஒரு மாதம் உள்ளே இருந்தாள். வெளியே வந்த அன்று இயக்கத்துப் பெண்கள் அதை அவள் சட்டையில் குத்தினார்கள். ஊருக்குத் திரும்பியபின் எந்த ஆலையும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

சேர்த்துக்கொண்டவள் கிரிம்ஷா அம்மாள் ஒருத்திதான். பிள்ளையில்லாத விதவை. நாக்கு கொஞ்சம் காரம்.

"திருடியை வச்சுப் பாத்தாச்சு, குடிகாரியையும் வச்சுப் பாத்தாச்சு. உன்ன மாதிரி ஒருத்தியைத்தான் இன்னும் வச்சுப் பாக்கல. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். அந்தக் கருமத்தை என் வீட்டுக்குள்ள குத்திக்கக் கூடாது."

அதனால்தான் பதக்கம் தேயிலை டப்பாவுக்குப் போனது.

1918இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே சட்டம் வந்துவிட்டது. முப்பது வயது நிரம்பிய பெண்களுக்கு ஓட்டு உண்டு. ஆனால் அவள் பெயரிலோ கணவன் பெயரிலோ வீடு இருக்க வேண்டும். ஹெஸ்டருக்கு முப்பத்தாறு வயது. கணவன் இல்லை. இன்னொருத்தி வீட்டு மாடியறையில் ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும்தான் அவளுக்கு. நகர மன்றத்துக்குப் போய்க் கேட்டுப் பார்த்தாள். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். வருத்தத்தோடுதான் கையை விரித்தார். அன்று அவள் வழக்கம்போல மாமிசக் கடையில் நின்று, எலும்பு வாங்கிக்கொண்டு வீடு வந்தாள். வேறென்ன செய்ய முடியும்?

அந்த இலையுதிர் காலத்தில் விஷக்காய்ச்சல் தெருவுக்குள் நுழைந்தது. கிரிம்ஷா அம்மாள் படுக்கையில் விழுந்தாள். வருவதாகச் சொன்ன நர்ஸ் வரவில்லை. அவளும் படுத்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. ஹெஸ்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொண்டாள். விரிப்புகளைத் துவைத்தாள், வாயைத் துடைத்துவிட்டாள், மூச்சு இரைக்கும்போது நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முணுமுணுவென்று ஜெபித்தாள். கிரிம்ஷா அம்மாள் பிழைத்தாள். எழுந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, கஞ்சியில் உப்புக் கூடிவிட்டது என்பதுதான். நன்றி சொல்லத் தெரியாத மனிதர்கள் உண்டு. அவர்களுக்கு நன்றியே இல்லை என்று நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது.

டிசம்பரில் தேர்தல் வந்தது. ஓட்டுச்சாவடி தெருமுனைப் பள்ளிக்கூடத்தில். ஹெஸ்டர் அன்று காலை உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கும்போது கிரிம்ஷா அம்மாள் சமையலறைக்கு வந்து நின்றாள்.

"டாக்டர் பொண்டாட்டி மூணு கலர்லயும் கல்லு வச்சு மாலை வாங்கியிருக்காளாம். ஊதாக்கல்லு, முத்து, பச்சைக்கல்லு. ஓட்டுக்காக ஒரு நாள் அந்த அம்மா தெருவுல நின்னிருக்குமா?"

"இல்லம்மா. மழை வந்தா அவங்களுக்கு ஆகாது."

"ஆமா, சர்க்கரையில செஞ்ச உடம்பு." கிரிம்ஷா அம்மாள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "உன்னுது ஒண்ணு இருக்கே. அதை இன்னிக்கு ஒரு நாளைக்குக் குடேன்."

கத்தி நின்றது. ஒன்பது வருஷம் வீட்டுக்குள் குத்தக் கூடாது என்றவள் கேட்கிறாள். இல்லை என்று சொல்ல ஹெஸ்டருக்கு வாய் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்து, எஜமானியின் கறுப்புக் கோட்டில் தானே குத்திவிட்டாள். ஊசி கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

"யாருக்கும்மா போடப் போறீங்க?" தன்னை அறியாமல்தான் கேட்டாள்.

"இதென்ன கேள்வி? கேப்டன் லாங்டனுக்குத்தான். என் வீட்டுக்காரர் காலத்துலேருந்து அந்தக் குடும்பத்துக்குத்தான் போடுறோம். நீயா இருந்தா அந்தத் தறிக்காரன் ஹார்க்கருக்குப் போடுவே."

"அவருதாம்மா வீட்டு வேலைக்காரிக்கும் ஓட்டு வேணும்னு சந்தையில நின்னு பேசினாரு."

"எல்லாரும் ஓட்டுப் போடப் போயிட்டா அன்னிக்குச் சோறு யாரு ஆக்குறது?"

ஹெஸ்டர் உருளைக்கிழங்குச் சட்டியை ஒதுக்கி வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டாள். காய்ச்சலுக்குப் பிறகு கிரிம்ஷா அம்மாளின் கால்களில் இன்னும் பலமில்லை. தனியாக நடக்க முடியாது.

பள்ளிக்கூட வாசல் வரை கையைப் பிடித்து அழைத்து வந்தாள். வாசலில் நின்ற போலீஸ்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"ஓட்டு இருக்காம்மா உனக்கு?"

"இல்லீங்க. இவங்களுக்குத் துணையா..."

"அப்ப இங்கயே நில்லு தாயி. மேலிடத்து உத்தரவு."

அவர் முகத்திலும் கடுமை இல்லை. ஒருவரிடமும் கோபித்துக்கொள்ள முடியாதபடி அந்த நாள் அமைந்துவிட்டது. ஹெஸ்டர் மழையில் குடையோடு நின்றாள். கிரிம்ஷா அம்மாள் சுவரைப் பிடித்தபடி உள்ளே போய் வரிசையில் சேர்ந்தாள்.

டாக்டர் மனைவி முன்னால் நின்றிருந்தாள். மாலை உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற ஒடிசலான பெண் தற்செயலாகத் திரும்பினாள். கறுப்புக் கோட்டில் இருந்த பதக்கத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. கிரிம்ஷா அம்மாளின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்களும் உள்ள இருந்தீங்களா? எந்த வருஷம்?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. டாக்டர் மனைவியும் பார்த்தாள். ஒரு தலையசைப்புப் போதும். அன்று முழுவதும் அந்தத் தெருவில் கிரிம்ஷா அம்மாள்தான் பெரிய மனுஷி.

"என்னுது இல்லை," என்றாள். "என் சமையல்காரியோடது."

"அவங்க வரலையா?"

"வந்திருக்கா. அதோ, குடையோட நிக்கிறாளே."

"ஏன் வெளிய நிக்கிறாங்க?"

"அவளுக்கு ஓட்டு இல்லை."

"உங்களுக்கு?"

"எனக்கு இருக்கு."

அந்தப் பெண் மேலே ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று கிரிம்ஷா அம்மாளுக்குத் தோன்றியது. இருவரும் வாசலைப் பார்த்தார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று ஹெஸ்டர் குடையைச் சற்று உயர்த்தி, வேண்டுமா என்று சைகையால் கேட்டாள். அந்தப் பெண் வரிசையில் தன் இடத்தைப் பின்னால் நின்றவளுக்கு விட்டுவிட்டு, மழையில் ஹெஸ்டரிடம் போனாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்பது உள்ளே கேட்கவில்லை.

கிரிம்ஷா அம்மாளின் முறை வந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு மரத்தடுப்புக்குள் போனாள். மூன்று பக்கமும் பலகை. உள்ளே கயிற்றில் கட்டிய பென்சில். சீட்டில் இரண்டே பெயர்கள்: ஹார்க்கர், லாங்டன்.

இந்த ஊரில் ஜெயிக்கப்போவது லாங்டன்தான். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு கிழவியின் பென்சில் கோட்டினால் எதுவும் மாறப்போவதில்லை. வெளியே போய் ஹெஸ்டரின் கையைப் பிடித்து நன்றி என்று சொல்லலாம். ஆனால் அறுபத்தெட்டு வயதில் அந்த வார்த்தை இனிப் பழகாது. வாசலில் நிற்பவளை இந்த அறைக்குள் அழைத்து வரவும் முடியாது.

செத்துப்போன கணவரின் முகம் நினைவுக்கு வந்தது. "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க," என்றாள் மனதுக்குள்.

பிறகு பென்சிலை எடுத்து, ஹார்க்கர் பெயருக்கு எதிரே ஓட்டுக்கான பெருக்கல் குறியைப் போட்டாள். கோடு கோணலாக விழுந்தது. அதன் மேலேயே இன்னொருமுறை அழுத்திப் போட்டாள். சீட்டை நான்காக மடித்துக்கொண்டு வெளியே வந்து, பெட்டியின் வாயில் வைத்துத் தள்ளினாள்.